எஃகை ஆசிடில் மெருகேற்றுவதும் துருவிலிருந்து காப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பட்டறையில் வேலை செய்பவர்களும், பாகங்களைச் செய்து வெளியே பாலிஷுக்கு அனுப்புபவர்களும் திரும்பத் திரும்ப இதே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். கேட்ட வார்த்தைகளிலேயே கேள்விகளை எழுதியிருக்கிறேன். கீழே எம்.எஸ். என்பது மைல்டு ஸ்டீல், அதாவது சாதாரண இரும்பு. எஸ்.எஸ். என்பது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பேசுவதில்தான் பாதிக் குழப்பம் ஆரம்பிக்கிறது.

கெமிக்கல் பாலிஷ்னா என்ன? பஃபிங் மாதிரிதானே அதுவும்?

பளபளப்பு வருகிறது என்பது மட்டும்தான் இரண்டுக்கும் பொது. பஃபிங்கில் துணிச் சக்கரமும் பாலிஷ் சோப்பும் மேற்பரப்பைத் தேய்க்கின்றன. மேடுகள் கொஞ்சம் மழிகின்றன, கொஞ்சம் பள்ளங்களின் மேல் இழுத்துப் பூசப்படுகின்றன. உலோகத்தின் மேல்தோல் நசுங்கி, தேய்த்த பொடியும் சோப்பும் அதற்குள் புதைந்துவிடுவதும் உண்டு. கெமிக்கல் பாலிஷில் எதையும் தேய்ப்பதில்லை. பாகத்தைக் கரைசலில் முக்குகிறோம். மேற்பரப்பிலிருந்து சில மைக்ரான் உலோகம் கரைந்து போகிறது. மேடு வேகமாகவும் பள்ளம் மெதுவாகவும் கரைவதால் பரப்பு வழவழப்பாகிறது.

சக்கரம் நுழையாத இடங்களில்தான் இதன் அருமை தெரியும். வளைந்த குழாயின் உள்பக்கம், கம்பி வலை, நூற்றுக்கணக்கில் வரும் சின்னப் பிரஸ் பாகங்கள் இதெல்லாம் பஃபிங்குக்கு ஒத்துவராது. அகலமான தட்டையான தகடு, கண்ணாடி போல முகம் தெரிய வேண்டும் என்றால் மட்டும் பஃபிங் பக்கமே போங்கள்.

ஆசிட் இரும்பை அரிக்கும்தானே? அது எப்படி மினுக்கும்?

எல்லா ஆசிடும் மினுக்காது. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் ஆசிடில் போட்டு எடுத்த இரும்பு மங்கலாக, சொரசொரப்பாகத்தான் வரும். உலோகம் சின்னச் சின்னப் படிகத் துகள்களால் ஆனது. அந்த ஆசிட் துகளை ஒரு வேகத்திலும் துகள்களுக்கு இடையிலான எல்லையை வேறு வேகத்திலும் தின்கிறது.

மெருகேற்றும் கரைசலில் ஒரே நேரத்தில் இரண்டு வேலை நடக்க வேண்டும். உலோகத்தை ஆக்சைடாக மாற்ற ஒன்று, அந்த ஆக்சைடைக் கரைக்க இன்னொன்று. இரண்டும் ஈடுகொடுத்து ஓடும்போது, கரைந்த உலோகம் நிறைந்த கெட்டியான ஒரு திரவப் படலம் மேற்பரப்பை ஒட்டி நிற்கும். பள்ளத்தில் அந்தப் படலம் தடிமனாக இருக்கும், மேட்டின் நுனியில் மெலிதாக இருக்கும். கரைந்தது படலத்தைத் தாண்டி வெளியே போனால்தான் அடுத்தது கரைய முடியும் என்பதால், நுனி முந்திக்கொள்கிறது. பாகத்தைக் கண்டபடி ஆட்டினால் இந்தப் படலம் கலைந்து, மெருகு அரிப்பாக மாறிவிடும்.

எம்.எஸ்.ஸுக்குப் பழகிய கலவை ஆக்சாலிக் ஆசிடும் ஹைட்ரஜன் பெராக்சைடும். அறை வெப்பநிலையிலேயே வேலை செய்யும். எஸ்.எஸ்.ஸுக்கு பாஸ்பாரிக், நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் ஆசிடுகள் சேர்ந்த சூடான கலவைகள். கார்பன் கூடுதலாக உள்ள எஃகு முதல் கலவையில் நன்றாக வராது. இரும்பு கரைந்து போக, கரையாத கார்பைடு (கார்பனும் உலோகமும் சேர்ந்த சேர்மம்) கருப்பு மசியாக மேலே தங்கிவிடும்.

எலக்ட்ரோ பாலிஷும் இதுவும் ஒண்ணுதானா?

கரைப்பது ஒன்றுதான், கரைக்கும் விசை வேறு. எலக்ட்ரோ பாலிஷில் பாகத்தை நேர்மின்வாயாக இணைத்து, சூடான பாஸ்பாரிக், சல்பூரிக் ஆசிட் கலவையில் மின்சாரம் செலுத்துகிறோம். பிரான்சின் பியேர் ஜாக்கே 1930-இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். எஸ்.எஸ்.ஸில் கட்டுப்பாடும் பளபளப்பும் இதில்தான் கூடுதல். மூலைகளிலும் ஓரங்களிலும் மின்சாரம் அடர்த்தியாகப் பாய்வதால் பிசிறும் சேர்ந்து போய்விடும். கூர்மை வேண்டிய ஓரமும் அப்படியே மழுங்கும் என்பதை மறக்க வேண்டாம்.

மின்சாரம் எட்டாத இடம் மெருகேறாது. நீளமான குழாயின் உள்ளே மெருகு வேண்டுமானால் உள்ளேயே ஓர் எதிர்மின்வாயை நுழைத்தாக வேண்டும். கரைசல் போகிற இடமெல்லாம் வேலை செய்யும் கெமிக்கல் பாலிஷுக்கு அந்தத் தொல்லை இல்லை.

பிக்கிளிங், பாஸிவேஷன், பாலிஷிங் மூணையும் மாத்தி மாத்திச் சொல்றாங்க. எது எதுக்கு?

பிக்கிளிங் என்பது துருவையும், சூட்டில் உருவான செதிலையும் ஆசிடில் எடுப்பது. எம்.எஸ்.ஸுக்கு ஹைட்ரோகுளோரிக் அல்லது சூடான சல்பூரிக். எஸ்.எஸ்.ஸுக்கு நைட்ரிக்கோடு ஹைட்ரோஃபுளோரிக். பரப்பு சுத்தமாகும், ஆனால் மங்கலாகும். பாஸிவேஷன் என்பது எஸ்.எஸ். மேலே ஒட்டியிருக்கும் இரும்புத் துகளை நீக்கி, அதன் இயற்கையான பாதுகாப்புப் படலம் முழுமையாக வளர வழிவிடுவது. தோற்றம் மாறவே கூடாது. மாறினால் ஏதோ தப்பு. பாலிஷிங் என்பது மேடு பள்ளத்தைக் குறைப்பது.

ஆர்டர் எழுதும்போது “ஆசிட் வாஷ்” என்று மொட்டையாக எழுதாதீர்கள். ஒருவர் அதைப் பிக்கிளிங் என்று எடுத்துக்கொள்வார், இன்னொருவர் பாஸிவேஷன் என்று. தகராறு அங்கேதான் முளைக்கிறது.

பளபளன்னு இருந்தா துருப்பிடிக்காதுன்னு சொல்றாங்களே, உண்மையா?

எஸ்.எஸ்.ஸில் ஓரளவு உண்மை. எம்.எஸ்.ஸில் இல்லை. வழவழப்பான பரப்பில் அழுக்கும் உப்பும் தங்க இடம் குறைவு, அதனால் ஒரே ரக எஸ்.எஸ்.ஸில் சொரசொரப்பானது முதலில் பழுப்பாகும். உப்புக்காற்று படும் இடத்தில் ஆர்.ஏ. எனப்படும் சொரசொரப்பு அளவு 0.5 மைக்ரானுக்குக் கீழே இருப்பது நல்லது என்பார்கள். எலக்ட்ரோ பாலிஷில் இன்னொரு லாபமும் உண்டு. நசுங்கிய மேல்தோல் போய்விடும், குரோமியத்தைவிட இரும்பு கூடுதலாகக் கரைவதால் பரப்பில் குரோமியத்தின் பங்கும் கூடும்.

எம்.எஸ்.ஸை எவ்வளவு மினுக்கினாலும் அது வெறும் இரும்புதான். ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால் அரிப்பு வேகமெடுக்கும். மினுக்கிய அன்றே ஏதாவது ஒரு காப்பு போட்டாக வேண்டும். என்னைக் கேட்டால், மெருகுக்கு ஒரு வரி, காப்புக்கு ஒரு வரி என்று வேலைத்தாளிலேயே பிரித்து எழுத வேண்டும். ஒன்றைச் செய்ததால் மற்றது தானாக வந்துவிடும் என்ற நினைப்பில்தான் நிறைய சரக்கு கெடுகிறது.

எஸ்.எஸ். துருவே பிடிக்காதுன்னா பாஸிவேஷன் எதுக்கு?

எஸ்.எஸ். துருப்பிடிக்காமல் இருப்பதற்குக் காரணம் அதிலுள்ள குரோமியம். குறைந்தது 10.5 சதவீதம் இருந்தால், காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து சில நானோமீட்டர் தடிமனில் ஒரு படலத்தைத் தானே போட்டுக்கொள்ளும். கீறினாலும் திரும்ப வளரும். அப்படியானால் பாஸிவேஷன் எதற்கு என்ற கேள்வி நியாயமானதே.

பிரச்சினை வெளியிலிருந்து வருகிறது. கடைசல் கருவி, எம்.எஸ். அறுத்த அதே கிரைண்டிங் டிஸ்க், இரும்புக் கம்பி பிரஷ், தூக்கி வைத்த இரும்பு மேசை என்று எல்லாமே பரப்பில் இரும்புத் துகளைப் பதித்துவிடுகின்றன. அந்த இடத்தில் படலம் முழுமையாகாது. துகள் முதலில் துருவாகும், பிறகு அதன் அடியில் எஸ்.எஸ்.ஸும் அரிக்க ஆரம்பிக்கும். புது எஸ்.எஸ். பாகம் சில நாளிலேயே புள்ளி புள்ளியாகப் பழுப்பானால் பெரும்பாலும் கதை இதுதான். “டூப்ளிகேட் மெட்டீரியல்” என்று சப்ளையரோடு சண்டைக்குப் போகும் முன் எந்த டிஸ்க்கில் அறுத்தீர்கள் என்று பாருங்கள்.

நைட்ரிக் நல்லதா, சிட்ரிக் நல்லதா?

ஒழுங்காகச் செய்தால் இரண்டுமே போதும். ஏ.எஸ்.டி.எம். ஏ967 என்ற தரநிலை இரண்டையும் ஏற்கிறது. நைட்ரிக் என்றால் 20 முதல் 45 சதவீதக் கரைசல், 21 முதல் 32 டிகிரி செல்சியஸ், குறைந்தது 30 நிமிடம். சிட்ரிக் என்றால் 4 முதல் 10 சதவீதம். 60 டிகிரிக்கு மேல் 4 நிமிடமே போதும், 21 முதல் 49 டிகிரிக்குள் என்றால் 20 நிமிடம்.

புதிதாகத் தொடங்குபவருக்கு நான் சிட்ரிக்கையே சொல்வேன். பழுப்புப் புகை கிடையாது, கையாள்வது எளிது, இரும்பை மட்டும் பிடித்து இழுத்துவிடும். நைட்ரிக்கின் கை ஓங்குவது, வாங்குபவரின் வரைபடத்தில் நைட்ரிக் என்றே எழுதியிருக்கும்போதுதான். சிட்ரிக் கரைசலைப் பல நாள் அப்படியே போட்டுவைத்தால் பூஞ்சை பிடிக்கும், கவனம்.

சரி, எம்.எஸ்.ஸையும் பாஸிவேட் பண்ணிட்டா துருப்பிடிக்காதே?

எஸ்.எஸ்.ஸுக்குச் செய்வதுபோல முடியாது. அடர் நைட்ரிக் ஆசிடில் போட்ட இரும்பு செயலற்றுப்போய்க் கரையாமல் நிற்கும் என்பது 19-ஆம் நூற்றாண்டிலேயே தெரிந்த வேடிக்கை. வெளியே எடுத்து ஒரு தட்டு தட்டினால் அந்தப் படலம் உடைந்துவிடும். தாங்கிப் பிடிக்கக் குரோமியம் இல்லை.

இரும்புக்கு நிலையான படலம் கிடைப்பது காரமான சூழலில். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி பல பத்தாண்டுகள் துருப்பிடிக்காமல் கிடப்பது இதனால்தான். அங்கே பி.ஹெச். 12.5-க்கு மேல் இருக்கும். குளோரைடு உள்ளே ஊறினாலோ, காற்றின் கார்பன் டை ஆக்சைடு அந்தக் காரத்தைக் குறைத்தாலோ கதை மாறிவிடும். எம்.எஸ். பாகத்துக்கு “பாஸிவேஷன் செய்தது” என்று யாராவது பில் போட்டால், பெரும்பாலும் பாஸ்பேட்டோ நைட்ரைட் கரைசலோதான் பயன்படுத்தியிருப்பார்கள். எது என்று கேட்டு வாங்குங்கள்.

ஆசிட்லேருந்து எடுத்துக் கழுவுற நேரத்துக்குள்ளேயே மஞ்சளாயிடுது. என்ன பண்ண?

புதிதாகத் தோல் உரிந்த இரும்பு அது. மேலே எந்தக் காப்பும் இல்லை, ஈரமும் காற்றும் இருக்கின்றன, ஆசிடின் குளோரைடும் மிச்சம் இருக்கிறது. மஞ்சளாகாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

தொட்டியிலிருந்து தொட்டிக்குப் போகும் நேரத்தைக் குறைப்பதுதான் முதல் மருந்து. எடுத்தவுடன் ஓடும் நீரில் நன்றாக அலசுங்கள், பிறகு சோடா சாம்பல் கரைசலில் முக்கி மிச்ச ஆசிடை முறியுங்கள், சுடுநீரில் இன்னொரு அலசல், சூடு ஆறும் முன் உலர்த்தல், உடனே நீர் விலக்கும் எண்ணெய். அடுத்து பெயின்ட் என்றால் எண்ணெய்க்குப் பதில் நேராகப் பாஸ்பேட்டுக்குப் போய்விடுவது நல்லது. கடைசி நீரில் சோடியம் நைட்ரைட் போடும் வழக்கமும் உண்டு. ஆனால் ஆசிட் மிச்சம் இருக்கும் நீரில் நைட்ரைட் கலந்தால் பழுப்பு நிற நச்சுவாயு கிளம்பும். அதனால் முதல் இரண்டு அலசல்களில் கஞ்சத்தனம் வேண்டாம்.

இன்னொன்று, ஹைட்ரோகுளோரிக் தொட்டி இருக்கும் அதே கூரைக்குக் கீழே முடிந்த சரக்கை அடுக்கி வைக்காதீர்கள். அதன் ஆவியே போதும், சுவரில் மாட்டிய ஸ்பானர் வரை துருவேற்றிவிடும்.

டீகிரீஸ் பண்ணாம நேரா ஆசிட்ல போட்டா என்ன? ஆசிட் எண்ணெயையும் தின்னுடாதா?

தின்னாது. எண்ணெய் இருக்கும் இடத்தில் ஆசிட் படாது, மற்ற இடத்தில் படும். திட்டுத் திட்டாக வரும் பாலிஷுக்கு முதல் காரணம் இதுதான். எண்ணெய் தொட்டியின் மேலே மிதந்து, அடுத்து முக்கும் பாகங்களிலும் ஒட்டும்.

சுத்தமானதா என்று பார்க்கச் செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. டீகிரீஸ் செய்து அலசிய பாகத்தைத் தண்ணீரிலிருந்து தூக்கிப் பிடியுங்கள். நீர் முழுப் பரப்பிலும் ஒரே படலமாக வழிந்தால் சுத்தம். துளித்துளியாகப் பிரிந்தால் எண்ணெய் இன்னும் இருக்கிறது. பாஸ் ஆகாத பாகத்தை அடுத்த தொட்டிக்கு விடவே கூடாது.

வெல்டிங் பண்ண இடத்துல நீலமா, பழுப்பா இருக்கே. தேய்ச்சு எடுத்தா போதாதா?

அந்த நிறம் சூட்டில் தடித்துவிட்ட ஆக்சைடு. அதைவிடக் கெட்ட விஷயம் அதன் அடியில் இருக்கிறது. ஆக்சைடு உருவாகும்போது குரோமியம் அதற்குள் இழுக்கப்பட்டு, அடியிலுள்ள மெல்லிய அடுக்கில் குரோமியம் குறைந்துபோகும். மேல் நிறத்தை மட்டும் தேய்த்தால் பார்க்க அழகாக இருக்கும், அந்த ஏழை அடுக்கு அப்படியே இருக்கும். முதலில் அரிக்கப்போவது அதுதான். பிக்கிளிங் பேஸ்ட்டோ எலக்ட்ரோ பாலிஷோ இரண்டையும் சேர்த்து எடுத்துவிடும். சிட்ரிக் பாஸிவேஷன் மட்டும் போதாது, அது ஒட்டிய இரும்புத் துகளை எடுக்குமே தவிர எஸ்.எஸ்.ஸைக் கரைக்காது.

இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளும் இன்னொரு நோய் உண்டு. 425 முதல் 850 டிகிரி வரை நேரம் கூடுதலாக இருந்த எஸ்.எஸ்.ஸில் கார்பன் குரோமியத்தைப் பிடித்துக்கொண்டு துகள் எல்லைகளில் கார்பைடாக உட்கார்ந்துவிடும். அது மேற்பரப்பு நோய் இல்லை, உள் நோய். ஆசிடால் தீராது. கார்பன் 0.03 சதவீதத்துக்குள் இருக்கும் 304எல், 316எல் ரகங்களை வாங்குவதுதான் வழி.

எஸ்.எஸ்.ஸைச் சுத்தம் பண்ண ஹைட்ரோகுளோரிக் ஆசிடை யூஸ் பண்ணலாமா? கடையில அதுதான் கிடைக்குது.

வேண்டாம். பாதுகாப்புப் படலத்தைத் துளைப்பதில் குளோரைடுக்கு நிகரில்லை. பரப்பு முழுதும் அரிக்காமல் ஊசிமுனை அளவு துளைகளாக உள்ளே போகும், வெளியே பார்த்தால் தெரியாது. பிளீச்சிங் கரைசலும் அப்படியே. போதாக்குறைக்கு பிளீச்சும் ஆசிடும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும்.

சூடான பாலிஷ் கலவையில் ஹைட்ரோகுளோரிக் இருக்கிறதே என்று இரண்டாவது கேள்வியைப் படித்தவர்கள் கேட்பார்கள். அங்கே அது நைட்ரிக்கோடும் பாஸ்பாரிக்கோடும் சேர்ந்து, அளந்த நேரத்துக்கு, ஒரே சீராகக் கரைக்கும் வேலை செய்கிறது. அதன்பின் முழு அலசலும் பாஸிவேஷனும் உண்டு. தனியாக ஊற்றித் தேய்ப்பதோடு அதை ஒப்பிட முடியாது.

கீறல், டை மார்க் எல்லாம் கெமிக்கல் பாலிஷ்ல மறைஞ்சிடுமா?

மறையாது. பல நேரம் முன்பைவிட நன்றாகத் தெரியும். எலக்ட்ரோ பாலிஷில் வழக்கமாகப் போவது 10 முதல் 40 மைக்ரான் வரை. அதைவிட ஆழமான கீறல் ஓரம் மழுங்கிப் பளபளக்கும் கீறலாக நிற்கும். தொழிலில் உள்ள கணக்கு, தொடங்கும்போது இருந்த ஆர்.ஏ. ஏறத்தாழப் பாதியாகும் என்பது. 0.8-இல் கொடுத்தால் 0.4 கிடைக்கலாம், 0.1 கேட்காதீர்கள். வேண்டிய அளவுக்கு முதலில் எமரி பெல்ட்டில் தேய்த்துவிட்டு அனுப்புங்கள்.

அப்போ அளவு குறையுமே? த்ரெட் பொருந்துமா?

குறையும். பரப்புக்கு 10 மைக்ரான் போனால் தண்டின் விட்டத்தில் 20 மைக்ரான் போகும், ஏனென்றால் இரண்டு பக்கமும் கரைகிறது. த்ரெட்டில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 60 டிகிரி கோணமுள்ள த்ரெட்டில் சரிவுகள் கரைவதால் பிட்ச் விட்டம் (சரிவின் நடுவில் அளக்கும் விட்டம்) நான்கு மடங்கு, அதாவது 40 மைக்ரான் குறையும். நட்டில் அதே அளவு கூடும். போல்ட்டும் நட்டும் இரண்டுமே பாலிஷுக்குப் போனால் தளர்வு 80 மைக்ரான். வரைபடத்திலேயே இதற்கு இடம் விடுங்கள், அல்லது த்ரெட்டை மூடி அனுப்புங்கள். பாஸிவேஷனில் இந்தக் கவலை இல்லை, அளவு மாறுவதே தெரியாது.

எம்.எஸ்.ஸுக்கு பிளாக்கிங், பாஸ்பேட், ஜிங்க் இதுல எது பெஸ்ட்?

எங்கே இருக்கப்போகிறது என்று தெரியாமல் பதில் கிடையாது. பிளாக்கிங் என்பது சுமார் 140 டிகிரியில் கொதிக்கும் காஸ்டிக், நைட்ரேட் கரைசலில் இரும்பின் மேல்தோலையே கருப்பு மேக்னடைட்டாக மாற்றுவது. தடிமன் 1 மைக்ரானை ஒட்டி. அளவு மாறாது, பார்வைக்கு நன்றாக இருக்கும், காப்பு என்று பார்த்தால் மேலே பூசிய எண்ணெய்தான். எண்ணெய் காய்ந்தால் துரு. பாஸ்பேட்டும் தனியாக நின்றால் காக்காது. அது நுண்துளைகளுள்ள படிக அடுக்கு. எண்ணெயையோ பெயின்ட்டையோ பிடித்து வைத்துக்கொள்ளும், அதுதான் அதன் வேலை. பெயின்ட்டுக்கு அடியில் ஜிங்க் பாஸ்பேட், உராயும் பாகத்துக்கு மாங்கனீஸ் பாஸ்பேட் என்பது வழக்கம்.

ஜிங்க் வேறு ஜாதி. இரும்புக்கு முன்னால் தான் அரிபட்டு இரும்பைக் காக்கும். அதனால் சின்னக் கீறல் விழுந்தாலும் அடியிலுள்ள இரும்பு தப்பிக்கும். நிக்கல், குரோம் முலாம் இதற்கு நேர் எதிர். முலாமில் ஒரு துளை விழுந்தால் அந்த இடத்தில் இரும்புதான் பலி, அதுவும் வெறும் இரும்பைவிட வேகமாக. வெயில் மழையில் நிற்கும் பாகத்துக்குச் சுமார் 450 டிகிரியில் உருகிய ஜிங்க்கில் முக்கும் கால்வனைஸ் (பாகத்தின் தடிமனைப் பொறுத்து 45 முதல் 85 மைக்ரான்), உள்ளறைப் பாகத்துக்கு 5 முதல் 12 மைக்ரான் ஜிங்க் பிளேட்டிங். பிளேட்டிங் மேலே மஞ்சள் பாஸிவேஷன் (எஸ்.எஸ்.ஸுக்குச் செய்வது அல்ல, ஜிங்க் மேலே போடும் குரோமேட் படலம்) கேட்பவர்கள் ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் உண்டாக்கும் என்பதை அறிந்து, மூன்று இணைதிறன் வகையைக் கேளுங்கள்.

துரு மேலேயே தடவுற கன்வெர்ட்டர் வேலை செய்யுமா?

செய்யும், ஒரு வரம்போடு. டானிக் ஆசிட் வகை துருவைக் கருநீல இரும்பு டானேட்டாகவும், பாஸ்பாரிக் வகை இரும்பு பாஸ்பேட்டாகவும் மாற்றுகிறது. தளர்வான துருவைச் சுரண்டி எடுத்த பிறகு ஒட்டியிருக்கும் மெல்லிய துருவுக்கு இது சரி. செதில் செதிலாகப் பெயரும் துருவின் மேலே தடவினால் மேல்பாதி மட்டும் மாறும், அடிப்பாதி வேலையைத் தொடரும். மேலே பெயின்ட் அவசியம்.

பாஸிவேஷன் சரியா ஆச்சான்னு எப்படித் தெரியும்? பார்த்தா ஒண்ணும் தெரியலையே.

தெரியக் கூடாது என்று மேலேயே சொன்னேன். காப்பர் சல்பேட் சோதனை எளிது. கொஞ்சம் சல்பூரிக் சேர்த்த கரைசலால் பரப்பை 6 நிமிடம் ஈரமாக வைத்திருங்கள். இரும்புத் துகள் இருந்தால் அங்கே செம்பு நிறம் படியும். 304, 316 போன்றவற்றுக்கு இது நல்ல சோதனை. 410, 420 போன்ற, குரோமியம் குறைந்த கடினமாக்கிய ரகங்களில் சரியான பரப்பையும் தப்பென்று காட்டிவிடும். உணவு படும் பாகங்களில் இதைச் செய்யாதீர்கள், அங்கே தண்ணீரில் முக்கி, உலர்த்தி, மாற்றி மாற்றிப் பார்க்கும் சோதனை போதும்.

நைட்ரிக்ல போட்ட பாகம் கருப்பா அரிச்சு வந்துடுச்சு. பாஸிவேஷன்ல இப்படி ஆகுமா?

ஆகும். முதலில் ரகத்தைப் பாருங்கள். 303 அல்லது 416 என்றால், கடைசலில் எளிதாக வெட்டுப்படச் சேர்த்த கந்தகம் மாங்கனீஸ் சல்பைடாக உள்ளே இருக்கிறது. ஆசிட் அதைத் தின்று பரப்பைக் குழியாக்கும். இந்த ரகங்களில் எலக்ட்ரோ பாலிஷும் கண்ணாடி போல வராது, அதே காரணம்.

ரகம் சரி என்றால் அடுத்த சந்தேகம் கரைசலில் குளோரைடு கலந்ததா என்பது. அலசும் நீரிலிருந்தோ, முந்தைய ஹைட்ரோகுளோரிக் தொட்டியிலிருந்து பாகத்தோடு ஒட்டி வந்தோ சேர்ந்திருக்கும். எண்ணெயோடு போட்ட பாகமும் இப்படிக் கருக்கும். நைட்ரிக் தொட்டிக்கு டி.எம். தண்ணீரே (உப்பு நீக்கிய நீர்) ஊற்றுங்கள்.

போன மாசம் பளபளன்னு வந்தது, அதே பாத்ல இப்போ மங்கலா வருது. ஏன்?

கரைந்த உலோகம் எங்கும் போவதில்லை, தொட்டியிலேயே சேர்கிறது. ஆக்சாலிக், பெராக்சைடு கலவையில் இது இன்னும் மோசம். கரைந்த இரும்பே பெராக்சைடைச் சிதைக்கும், அதனால் அந்தக் கரைசலின் ஆயுள் குறைவு. எலக்ட்ரோ பாலிஷ் கரைசல் மிகப் புதிதாக இருந்தாலும் சரியாக வராது, கொஞ்சம் உலோகம் கரைந்த பிறகே பதமாகும். மிகப் பழையதானாலும் வராது. இடையில் பாகத்தோடு வந்த அலசல் நீர் ஆசிடை நீர்க்கச் செய்திருக்கும். அடர்த்தியையும் வெப்பத்தையும் தினமும் அளந்து நோட்டில் எழுதுங்கள். பாத்தைக் குறை சொல்லும் முன் ஜிக்கின் (பாகத்தை மாட்டி மின்சாரம் கொடுக்கும் சட்டம்) தொடுமுனையைச் சுரண்டிப் பாருங்கள், பாதி நேரம் குற்றவாளி அதுதான்.

ஸ்பிரிங்கை பிக்கிள் பண்ணி ஜிங்க் போட்டோம். ரெண்டு நாள் கழிச்சு சும்மா இருந்தப்பவே உடைஞ்சுது. ஆசிட் மெலிச்சிடுச்சா?

மெலிந்ததால் இல்லை. ஆசிட் இரும்போடு வினைபுரியும்போது ஹைட்ரஜன் அணு பிறக்கிறது. அதில் ஒரு பங்கு குமிழியாகாமல் உலோகத்துக்குள் நுழைகிறது. பிளேட்டிங்கிலும் இதுவே நடக்கும், மேலே படிந்த ஜிங்க் அதை வெளியேற விடாமல் மூடியும் விடும். வலிமை குறைந்த எம்.எஸ்.ஸுக்கு இது பெரிய விஷயம் இல்லை. இழுவலிமை 1000 மெகாபாஸ்கலைத் தாண்டிய ஸ்பிரிங், கடினமாக்கிய போல்ட் போன்றவை சுமையில் சில மணி நேரமோ சில நாளோ கழித்துத் திடீரென்று முறியும். உங்கள் ஸ்பிரிங் சும்மா இருந்ததாகச் சொன்னாலும், சுருட்டியபோது உண்டான உள்அழுத்தமே சுமைதான்.

மருந்து, பிளேட்டிங் முடிந்த 4 மணி நேரத்துக்குள் 190 முதல் 220 டிகிரியில் பல மணி நேரம் சுட்டெடுப்பது. அதைவிட நல்லது ஆசிடையே தவிர்ப்பது. துருவை மணல் அல்லது ஷாட் பிளாஸ்டிங்கில் எடுங்கள். எலக்ட்ரோ பாலிஷில் பாகம் நேர்மின்வாய், ஹைட்ரஜன் கிளம்புவது எதிர்ப்பக்கத்தில். ஆகவே அங்கே இந்த ஆபத்து இல்லை.

சால்ட் ஸ்ப்ரேல 96 மணி நேரம் தாங்கிச்சு. அப்போ வெளியில எத்தனை வருஷம் வரும்?

அப்படி மாற்றும் கணக்கு எதுவும் இல்லை, யார் அட்டவணை கொடுத்தாலும் நம்பாதீர்கள். ஐ.எஸ்.ஓ. 9227 சோதனையில் 35 டிகிரியில் 5 சதவீத உப்புநீர் மூடுபனியாக இடைவிடாமல் படுகிறது. வெளியே ஈரமும் உலர்வும் மாறி மாறி வரும். ஜிங்க் உலரும்போது காற்றின் கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து காப்பான கார்பனேட் அடுக்கு போட்டுக்கொள்ளும். சோதனைப் பெட்டியில் அதற்கு வாய்ப்பே இல்லை. ஆக, ஜிங்க்கைப் பெட்டி குறைத்து மதிப்பிடும், வேறு சில பூச்சுகளை உயர்த்திக் காட்டும். அந்தச் சோதனையின் பயன், இந்த வாரச் சரக்கு போன வாரம் போலவே இருக்கிறதா என்று பார்ப்பதற்கு.

இதெல்லாம் வீட்டிலேயோ சின்னப் பட்டறையிலேயோ பண்ணலாமா?

சிட்ரிக் பாஸிவேஷன், பாஸ்பாரிக் துரு நீக்கி, எண்ணெய்க் காப்பு இதெல்லாம் கையுறை, கண்ணாடி, காற்றோட்டம் இருந்தால் செய்யலாம். ஆசிடைத் தண்ணீரில் ஊற்றுங்கள், தண்ணீரை ஆசிடில் ஊற்றாதீர்கள். ஹைட்ரோஃபுளோரிக் கலந்த பிக்கிளிங் பேஸ்ட்டை மட்டும் பயிற்சி இல்லாமல் தொடவே வேண்டாம். நீர்த்தது கையில் பட்டால் உடனே வலிக்காது. உள்ளே இறங்கி உடலின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், பல மணி நேரம் கழித்து வலி வரும்போது தாமதமாகியிருக்கும். கால்சியம் குளுக்கோனேட் ஜெல் கையெட்டும் தூரத்தில் இல்லாத இடத்தில் அந்த டப்பாவைத் திறக்கக் கூடாது. பட்டால் ஓடும் நீரில் கழுவி, ஜெல்லைத் தடவியபடியே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பழைய புத்தகங்களில் பெர்குளோரிக் ஆசிட் கலவைகள் இருக்கும். 1947 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலஸில் அலுமினியத்துக்கு மெருகேற்ற வைத்திருந்த அப்படியொரு கலவை வெடித்து 17 பேர் இறந்தார்கள். அந்தப் பக்கமே போக வேண்டாம்.

தீர்ந்துபோன ஆசிடைச் சாக்கடையில ஊத்திட்டா என்ன?

எஸ்.எஸ்.ஸைக் கரைத்த ஆசிடில் நிக்கலும் குரோமியமும் கரைந்திருக்கின்றன. தண்ணீர் விட்டு நீர்த்தாலும் அவை காணாமல் போவதில்லை. சுண்ணாம்புக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, பி.ஹெச். 8 முதல் 9 வரை கொண்டுவந்தால் உலோகங்கள் பெரும்பாலும் சேறாக அடியில் படியும். ஃபுளோரைடும் கால்சியம் ஃபுளோரைடாகப் படிந்துவிடும். கருவி கழுவிய நீருக்கும் இதே வழிதான். ஒரேயடியாகச் சுண்ணாம்பைக் கொட்டினால் கொதித்துத் தெறிக்கும். படிந்த சேறு அபாயக் கழிவு, அதற்கு உரிமம் உள்ளவர்களிடம்தான் போக வேண்டும். மேலே தெளிந்த நீரையும் சோதித்துவிட்டே விடுங்கள், கலங்காமல் இருப்பதால் மட்டும் அது சுத்தம் ஆகிவிடாது.